ஐஸ் கொம்பனியின் விலை

எருக்கலம்பிட்டியில் ஜுனைதீன் முதலாளியை ஏமாற்றி ஒரு சாக்குக் கருவாடு விற்க யாராலும் முடியாது. சாக்கைப் பிரிக்கவே தேவையில்லை. பக்கத்தில் நின்று ஒரு மூச்சு இழுத்தால் போதும். உப்புக் குறைந்ததா, மழை பட்டதா, எத்தனை வெயில் கண்டது என்று சொல்லிவிடுவார். அதற்குப் பிறகுதான் விலை பேசத் தொடங்குவார். பேசி முடிவதற்குள் விற்க வந்தவனின் வயிற்றில் இரண்டு பிளேன்டீ இறங்கியிருக்கும்.

அப்படிப்பட்ட மனிசன், ஒரு வருசமாகக் கொழும்புப் பங்குச் சந்தையில் ஒரு கொம்பனியின் பங்குகளை, விற்கிறவன் கேட்ட விலைக்கே வாங்கிக்கொண்டிருந்தார்.

ஐஸும் குளிரறைகளும் வைத்து வியாபாரம் செய்கிற சின்னக் கொம்பனி அது. நீளமாக ஓர் ஆங்கிலப் பெயர் இருந்தாலும் வீட்டில் எல்லோருக்கும் அது ஐஸ் கொம்பனிதான். மன்னார் டவுனில் போன் கடை வைத்திருக்கிற அவருடைய தங்கச்சி மகன் நௌஷாட்தான் கணக்குத் திறந்து கொடுத்தவன். போனில் எழுத்துகள் பொடிப்பொடியாக இருந்தன, அதுவும் இங்கிலீசில். அதனால் வாங்குகிற வேலை வீட்டோடு இருக்கிற இளைய மகள் அஸ்னாவின் கைக்கு வந்தது. கிழமைக்கொரு தரம் லொறி கொழும்புக்குப் போய்க் கருவாட்டுக் காசு வந்ததும் வாப்பா கூப்பிடுவார்.

"புள்ள, ஐஸ் கொம்பனியில கொஞ்சம் எடு."

"கேக்கிற விலை கூட வாப்பா. குறைச்சுப் போட்டுப் பாப்பமா?"

"மெசினோட ஆர் பேரம் பேசிறது? முகம் தெரிஞ்சாத்தானே கதைக்கலாம். கேக்கிறதைக் குடுத்து எடு."

அவள் எடுப்பாள். எடுத்த அன்றே விலை ஒரு படி ஏறும். அடுத்த கிழமை எடுத்தால் இன்னொரு படி. பதினெட்டு ரூபாயில் தொடங்கிய பங்கு, நோன்பு வந்தபோது நாற்பத்தொன்றில் நின்றது. தான் தொட்ட பொருள் ஏறுகிறது என்பதற்கு வாப்பாவுக்கு வேறு அத்தாட்சி தேவைப்படவில்லை.

அஸ்னாவுக்கு இங்கிலீசு கொஞ்சம்தான் வரும். ஆனாலும் கொம்பனி வெளியிடுகிற கணக்கை ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடி வாசித்துப் பார்த்திருந்தாள். ஒரு பங்குக்குக் கொம்பனி வருசத்தில் உழைக்கிறது ஒரு ரூபாய் கூட இல்லை. அந்த உழைப்பை மட்டும் நம்பி நாற்பத்தொரு ரூபாயைத் திரும்ப எடுக்க வேண்டுமென்றால் அவளுடைய பிள்ளைகள் கிழடாகிவிடுவார்கள். அவளுக்கு இன்னும் கலியாணமே ஆகவில்லை. ஒருமுறை அதை வாப்பாவிடம் மெல்லச் சொல்லியும் பார்த்தாள்.

"கருவாடு உழைக்குதா?" என்று கேட்டார் வாப்பா. "சாக்கில சும்மாதானே கிடக்குது. காத்து மாறி வள்ளம் இறங்காத காலம் வந்தா விலை தன்பாட்டில ஏறும். பொறுமையா வச்சிருக்கிறவனுக்குத்தான் லாபம். நீ பயப்பிடாத."

பயப்படாதே என்று சொன்னதால் பயம் போய்விடுமா. ஆனால் வாப்பாவின் முன்னால் இரண்டாவது தரம் வாய் திறக்கிற பழக்கம் அஸ்னாவுக்கு இல்லை. அவர் அடிக்கிறவரும் இல்லை, ஏசுகிறவரும் இல்லை. சிரித்துவிடுவார். அந்தச் சிரிப்போடு அவளுடைய பேச்சு நின்றுவிடும்.

நோன்பு பாதி கழிந்த ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியான லுஹர் தொழுதுவிட்டு வந்த வாப்பா முன்வாசல் கதிரையில் இருந்து ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டிய ஸகாத் கணக்குப் பார்க்கத் தொடங்கினார்.

"வியாபாரத்துக்கு வாங்கின பொருளுக்கு இண்டைய சந்தை விலைதான் கணக்கு எண்டு மௌலவி சொன்னவர். ஐஸ் கொம்பனி இண்டைக்கு என்ன விலை?"

"நாப்பத்தொண்டு வாப்பா."

"எங்களிட்டக் கிடக்கிற எல்லாத்துக்கும் எவ்வளவு வருகுது?"

அவள் போனிலேயே பெருக்கித் தொகையைச் சொன்னாள். குசினியில் கஞ்சிக்கு அரிசி களைந்துகொண்டிருந்த உம்மா உம்மு ஸல்மா கையை நிறுத்தினாள். கடற்கரையில் கருவாடு போடுகிற வாடியை, அதன் நிலம், கொட்டில், உப்புத் தொட்டி, தராசு எல்லாவற்றோடும் சேர்த்து விற்றாலும் அவ்வளவு வராது.

"பாத்தியா," என்றார் வாப்பா குசினிப் பக்கம் திரும்பி. "அகதியாக் கிடந்த புத்தளத்தில இருந்து திரும்பி வந்த நாள் தொட்டு அந்த வாடியில கிடந்து நாறுறன். ஒரு வருசம் வாங்கின கடுதாசி அதை முந்திட்டுது. டவுன் சீமெந்துக் கடை அப்துல் ஹமீட் வாடியைக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஓம் எண்டு சொல்லிட்டன்."

"என்ன ஓம் எண்டு?"

"விக்கிறன் எண்டு. வியாழக்கிழமை அச்சாரம் தாறார். திங்கக்கிழமை நொத்தாரிசுட்டக் காணி உறுதி எழுதி முடிக்கிறம். வாற காசு முழுக்க ஐஸ் கொம்பனிக்கு."

"வாடிய வித்திட்டுப் பகலில எங்க போவீங்க?"

"வீட்டிலதான் இருக்கப் போறன்."

"யா அல்லாஹ்," என்றாள் உம்மா. "அந்த நாத்தமே பரவாயில்ல."

வாப்பா வாய்விட்டுச் சிரித்தார். அஸ்னா சிரிக்கவில்லை. அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தத் திரையில் இரண்டு பக்கங்கள் உண்டு. வலது பக்கம் விற்க நிற்கிறவர்கள், என்ன விலைக்கு, எத்தனை பங்கு என்று. இடது பக்கம் வாங்க நிற்கிறவர்கள். ஒரு வருசமாக வாங்கி மட்டுமே பழகிய அவள் எப்போதும் வலது பக்கத்தைத்தான் பார்த்திருக்கிறாள். இவ்வளவையும் ஒரு நாள் காசாக்க வேண்டி வந்தால் என்ற நினைப்பு வந்து, அன்றைக்குத்தான் முதன்முதலாக இடது பக்கத்தை நின்று பார்த்தாள்.

அதில் இரண்டே வரிகள் இருந்தன. ஒருவருக்கு இருநூறு பங்கு வேண்டும், முப்பத்தாறு ரூபாய் என்றால். இன்னொருவருக்கு ஐம்பது பங்கு வேண்டும், முப்பது ரூபாய் என்றால். அதற்குக் கீழே வெறும் வெள்ளை.

காலையில் கரைக்குப் போனால் மீன் குவியலைச் சுற்றிக் கூட்டம் நிற்கும், கத்தும், கையைத் தூக்கும். குவியல் மட்டும் கிடந்து ஒரு மனிசரும் இல்லாத கரையை அவள் பார்த்ததில்லை. நாற்பத்தொன்று என்பது யாரோ தருவதற்கு வைத்துக்கொண்டு நிற்கிற காசு இல்லை. கடைசியாக ஒருவர் கொடுத்துவிட்டுப் போன விலை. அவ்வளவுதான்.

"வாப்பா, வாங்கிற பக்கம் ஆக்கள் இல்ல."

"நோன்பு நாள் புள்ள. எல்லாச் சந்தையும் மந்தமாத்தான் கிடக்கும்," என்று சொல்லிவிட்டு, அவர் பாயை விரித்துப் படுத்தார்.

மறுநாள் காலையில் அவள் நௌஷாட்டுக்குப் போன் எடுத்தாள்.

"மச்சான், வாப்பா வாடிய விக்கப் போறார், தெரியுமா?"

"தெரியும். பெரிய முதலாளி ஆகப் போறார். எனக்கும் ஒரு மோட்டபைக் வாங்கித் தரச் சொல்லு."

"விளையாடாத. அந்தப் பங்கை விக்கப் போனா வாங்க ஆளில்ல. நீ பாத்தியா?"

"அது மௌலவிமார் பாத்துப் போட்ட பட்டியல்ல இருக்கிற கொம்பனி அஸ்னா. எங்கட ஆக்கள் எல்லாரும் அதைத்தான் தேடி வாங்குவாங்க. விழாது."

"பட்டியல் வட்டி இல்ல, சாராயம் இல்ல எண்டுதானே சொல்லுது. விழாது எண்டு எங்க சொல்லுது?"

கடையில் யாரோ ரீலோட் கேட்கிற சத்தம் வந்தது.

"நானும் கொஞ்சம் வச்சிருந்தனான்," என்றான் பிறகு. "முப்பதில வித்திட்டன். போட்ட உடனே போச்சுது. அப்ப ஆளில்லையெண்டு எப்பிடிச் சொல்லுவாய்?"

"அப்ப நீ வாப்பாட்டச் சொல்லன், வாடிய விக்க வேணாமெண்டு."

"நானா? கணக்குத் திறந்து குடுத்ததே நான்தான். இப்ப போய் வேணாமெண்டு சொன்னா என்ட தோலை உரிச்சு வெயிலில போடுவார். நீ மகள், நீ சொல்லு."

அன்று பின்னேரம் வாப்பா வாடியிலிருந்து வந்து கை கால் கழுவும்வரை அவள் கதவடியில் நின்றாள். சொல்ல வேண்டிய வசனத்தை வாய்க்குள் பத்துத் தரம் சொல்லிப் பார்த்தாள். அவர் துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என்ன புள்ள?" என்று கேட்டபோது, "சர்பத்துக்குத் தேசிக்காய் இல்ல வாப்பா," என்றாள்.

சொல்லத்தான் வாய் வரவில்லை, காட்டிவிட்டால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. கொஞ்சத்தை விற்கப் போட்டுப் பார்ப்பது. ஒருவரும் வாங்கவில்லையென்றால் போனைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைப்பது. கருவாட்டுக்காரருக்கு, கிடந்து விலைபோகாத சரக்கைக் கண்ணால் கண்டால் விளங்கும்.

வியாழக்கிழமை காலை, வாப்பா வாடிக்குப் போன பிறகு, அறைக் கதவைச் சாத்தினாள். போனின் சத்தத்தை நிறுத்தினாள். ஒன்பதரைக்குச் சந்தை திறந்தது. ஐந்நூறு பங்கை நாற்பத்தொரு ரூபாய்க்கு விற்கப் போட்டாள்.

ஒன்றும் நடக்கவில்லை. நாற்பதுக்கு இறக்கினாள். முப்பத்தெட்டுக்கு இறக்கினாள். வலது பக்கத்தில் அவளுடைய வரி தனியாக நின்றது. முப்பத்தாறுக்கு இறக்கியதும் இடது பக்கத்தில் நின்ற அந்த இருநூறு ஆள் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார். உடனே திரையில் விலை சிவப்பாக மாறியது. நாற்பத்தொன்று இருந்த இடத்தில் முப்பத்தாறு.

அஸ்னா போனைக் கட்டிலில் போட்டுவிட்டு எழுந்து நின்றாள். இருநூறு பங்கு. ஒரு விரலால் தொட்டது. அதற்கு வாப்பாவின் சொத்தில் எட்டில் ஒரு பங்கு காற்றாகப் போய்விட்டது. இதை நான்தான் செய்தேன் என்ற எண்ணம் அவளுடைய முதுகில் சில்லென்று ஏறியது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. நோன்பு, தண்ணீர் குடிக்கவும் முடியாது.

நிறுத்தியிருக்கலாம். ஆனால் திங்கட்கிழமை வருகிறது, உறுதி வருகிறது, வாடிக்காசு முழுவதும் இந்த வெள்ளைத் திரைக்குள் போய் விழப்போகிறது. இன்னும் தெளிவாகக் காட்ட வேண்டும் என்று நினைத்தாள். விலைபோகாத மிச்சம் முந்நூறை நீக்கிவிட்டு, இரண்டாயிரம் பங்கை முப்பத்தைந்து ரூபாய்க்குப் போட்டாள்.

வெகுநேரம் ஒன்றுமில்லை. குசினியில் உம்மா தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது. தெருவில் பாண் விற்கிற வான் பாட்டுப் போட்டுக்கொண்டு போனது. வாப்பாவின் இலக்கம் போனில் மின்னியது, அவள் எடுக்கவில்லை. இந்த நேரத்தில் அவருடைய குரலைக் கேட்டால் அழுதுவிடுவாள்.

பிறகு, திடீரென்று, இரண்டாயிரமும் போயிற்று.

அவள் நம்பவில்லை. மறுபடி இரண்டாயிரம் போட்டாள். போயிற்று. ஐயாயிரம் போட்டாள். தண்ணீர் ஊற்றிய மணல் மாதிரி, போட்டது போட்டபடி உறிஞ்சப்பட்டது. எங்கேயோ ஒரு வாங்குகிறவர் இருந்தார். பலமான ஆள். பயமில்லாத ஆள். வாப்பாவிடம் இருந்ததில் மூன்றிலொரு பங்கு போகும்வரை அவர் வாங்கினார், பிறகு நிறுத்தினார்.

அஸ்னா கட்டிலில் இருந்து அழுதாள். சந்தோசத்தில்தான். ஆட்கள் இருக்கிறார்கள். திரையில் நிற்காமல் ஒளிந்து நிற்கிறார்கள், அவ்வளவுதான். வாப்பா சொன்னது சரி, நௌஷாட் சொன்னது சரி, அவள்தான் இரண்டு நாளாக வீணாகச் செத்துப் பிழைத்திருக்கிறாள். விற்ற பங்குகளைத் திரும்ப வாங்கி வைத்துவிட்டால் வாப்பாவுக்குத் தெரியவே வராது என்று கூட நினைத்தாள். அன்று லுஹர் தொழும்போது அவளுடைய உடம்பில் பாரமே இருக்கவில்லை.

நோன்பு திறக்கிற மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால் வாப்பா வந்தார். செருப்பைக் கழற்றும்போதே சிரித்தார்.

"ஸல்மா, இண்டைக்கு ஒரு வேட்டை," என்று பாயில் வந்து இருந்தார். நடுவில் கஞ்சிக் கோப்பைகள், பேரீச்சம்பழம், பற்றீஸ். "ஹமீட் வாடியில வந்து அச்சாரக் காசைக் கையில வைக்கிறார், அந்த நேரம் பாத்து நௌஷாட் கோல் எடுக்கிறான். மாமா, ஐஸ் கொம்பனி விழுகுது, ஆரோ வித்துத் தள்ளிறாங்க எண்டு. நான் சொன்னன், விழட்டும், இதுதான்டா வாங்கிற நேரம் எண்டு. வலை நிரம்பின நாளில விலை விழும்தானே? அண்டைக்கு வாங்கிறவன்தானே யாவாரி?"

அஸ்னாவின் கையில் இருந்த பேரீச்சம்பழம் அப்படியே நின்றது.

"உனக்குத்தான் புள்ள முதல்ல எடுத்தனான், நீ தூக்கல்ல. பிறகு நௌஷாட் தன்ட கணக்கில கிடந்த காசுக்கு வாங்கினான். வர வர எடுடா எண்டு சொன்னன். அச்சாரம் முழுக்க முடியுமட்டும் எடுத்தம். நேர டவுனுக்குப் போய் அந்தக் காசை அவன்ட கையில குடுத்திட்டு வாறன். பங்கு அவன்ட பேரில கிடக்கு, பிறகு மாத்துவம். ஆரோ ஒரு பயந்தாங்கொள்ளி மடையன், நாப்பத்தொண்டு சாமானை முப்பத்தஞ்சுக்குக் குடுத்திட்டு ஓடிட்டான்."

பாங்கு சொன்னது. வாப்பா பிஸ்மி சொல்லிப் பழத்தை வாயில் போட்டார். உம்மா போட்டாள். அஸ்னாவின் பழம் கையிலேயே இருந்தது.

"என்ன புள்ள, முகம் வெளுத்துக் கிடக்கு?" என்றாள் உம்மா. "தண்ணி குடி."

"வாப்பா," என்றாள் அஸ்னா. குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "அந்த மடையன் நான்தான்."

அவர் கோப்பையைத் தூக்கியபடி அவளைப் பார்த்தார். அவள் சொன்னாள். இடது பக்கத்து வெள்ளையைப் பற்றி, முப்பத்தாறைப் பற்றி, இரண்டாயிரம் இரண்டாயிரமாகப் போட்டதைப் பற்றி. இன்றைக்காவது ஏசுவார் என்று தோள்களைக் குறுக்கிக்கொண்டு சொன்னாள். அவர் ஏசவில்லை.

"நீ எத்தினை வித்தாய்?"

சொன்னாள்.

"நௌஷாட் வாங்கினதும் அதேதான். ஒரு இருநூறுதான் வித்தியாசம்." கோப்பையைக் கீழே வைத்தார். "அப்ப இண்டைக்கு மத்த ஆக்கள் வாங்கினது?"

"அந்த இருநூறுதான் வாப்பா. வேற ஒருத்தரும் இல்ல."

"நேத்து?"

அவள் போனை எடுத்துக் கொடுத்தாள். நாளுக்கு நாள் எத்தனை பங்கு கைமாறியது என்று காட்டுகிற கோடுகள். நாட்கணக்காக ஒன்றுமில்லை; நடுவில் ஒரு உயரக் கோடு; பிறகு மறுபடி ஒன்றுமில்லை. வாப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு கோட்டில் விரலை வைத்தார்.

"இது எண்டைக்கு?"

"லொறிக் காசு வந்த நாள்."

"இது?"

"அதுவும் லொறிக் காசு வந்த நாள்தான் வாப்பா."

சொல்லும்போதுதான் அவளுக்கே அது முழுதாக விளங்கியது. நௌஷாட் முப்பதில் விற்றது போட்ட உடனே போனது ஏன் என்பதும் விளங்கியது. ஒரு வருசமாக அந்த விலையை ஒவ்வொரு படியாகத் தூக்கியது அவளுடைய சொந்த விரல்.

வாப்பாவுக்கு அவளைவிட வேகமாக விளங்கிவிட்டது. கரையில் மீன் ஏலம் எடுப்பது அவருடைய தொழில்.

"கரையில நான் மட்டும் நிண்டு," என்றார் மெல்ல, "நானே கேட்டு, நானே அதுக்கு மேல கேட்டிருக்கிறன்."

அவள் வாப்பாவின் முகத்தில் கோபம் பார்த்திருக்கிறாள், களைப்புப் பார்த்திருக்கிறாள். பயத்தைப் பார்த்தது அன்றைக்குத்தான். இரண்டு நாளாக அவளிடம் இருந்தது இப்போது அவருடைய கண்ணில் இருந்தது. அதைப் பார்ப்பது தானே பயப்படுவதைவிட மோசமாக இருந்தது.

உம்மாதான் பேசினாள். "புள்ள வித்த காசு வரும்தானே? அதை எடுத்து ஹமீட்டுக்கு அச்சாரத்தைத் திருப்பிக் குடுங்கோ. வாடி மிஞ்சட்டும்."

"திங்கக்கிழமைதான் கைக்கு வரும்," என்றாள் அஸ்னா.

"கேட்டுப் பாக்கிறன்," என்றார் வாப்பா. கஞ்சியை அவர் தொடவில்லை.

மறுநாள் ஜும்மா முடிந்த கையோடு அப்துல் ஹமீட் வீட்டுக்கு வந்தார். டவுனில் சீமெந்தும் கம்பியும் விற்கிறவர், வாப்பாவைவிட வயது குறைந்தவர், அவரை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுகிறவர், எதற்கும் ஒரு சிரிப்பு வைத்திருப்பவர். அஸ்னா அறை வாசல் சீலைக்குப் பின்னால் நின்றாள்.

"திருப்பித் தாறதோ?" என்றார் ஹமீட். "ஜுனைதீன் நானா, நீங்க விலை பேசினா வசனம் மாறாது எண்டுதானே ஊரே சொல்லுது. நான் மேசன்மாருக்கும் சொல்லிட்டன். மருமகனுக்கும் சொல்லிட்டன், கடக்கரையில உனக்கு ஒரு இடம் பாத்திருக்கிறன் எண்டு."

"எனக்கு விளங்குது. ஆனாலும் கேக்கிறன்."

"ஏன் நானா, திடீரெண்டு?"

ஹமீட் கதிரையை இழுத்துக் கிட்டப் போட்டுக்கொண்டார்.

"சரி, நான் ஒண்டு சொல்லட்டா? எனக்கு வாடி இல்ல முக்கியம். காசைச் சும்மா வச்சிருக்காம எதிலயாவது போடோணும். நேத்து நீங்க போனில சொன்னதெல்லாம் நான் பக்கத்தில நிண்டு கேட்டனான். அந்த ஐஸ் கொம்பனிய எனக்குத் தந்திடுங்கோ. உங்கட பேரில கிடக்கிறது, நௌஷாட் வாங்கினது, எல்லாம். இண்டைக்குச் சந்தையில என்ன விலை நிக்குதோ அதே விலைக்கு எடுக்கிறன். வாடி உங்களுக்கே இருக்கட்டும். உங்கட மூக்கில பட்டு நீங்க எடுத்த சாமான், கண்ணை மூடிக்கொண்டு வாங்குவன்."

சீலைக்குப் பின்னால் அஸ்னா சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வருசமாக இல்லாத ஆள். முழுவதையும், சொன்ன விலைக்கு, காசோடு வாங்க நிற்கிற ஆள். கடைசியில் வந்தே விட்டார், வீட்டு வாசலுக்கு.

வாப்பா இருமினார். கதிரை கிறீச்சிட்டது. அவர் எழும்புகிறார் என்று நினைத்தாள், எழும்பவில்லை.

"புள்ள," என்று கூப்பிட்டார். "இண்டைக்கு என்ன விலை நிக்குது?"

அவள் தாவணியை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு சீலைக்கு வெளியே வந்தாள். பிற ஆம்பிளைகள் முன்னால் அவள் பேசியதே குறைவு. போனைப் பார்த்தாள். முப்பத்தைந்து என்று நின்றது. அதைச் சொன்னால் பொய் இல்லை. எழுதியிருப்பதை வாசிப்பதுதான். ஹமீட் கை கொடுத்துவிட்டுப் போவார், வாடி மிஞ்சும், காலையில் வாப்பா செருப்பை மாட்டிக்கொண்டு அங்கே போவார். வாப்பா அவளைப் பார்க்கவில்லை. முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் தெரியும் என்ன நிற்கிறது என்று. தெரிந்துகொண்டுதான் கேட்கிறார்.

எதைச் சொல்ல வேண்டுமென்று கேட்கிறார் என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

"முப்பத்தஞ்சு எண்டு போட்டிருக்கு," என்றாள். பிறகு வாயை மூட முடியவில்லை. "ஆனா அது வாப்பா குடுத்த விலை. வேற ஒருத்தரும் வாங்க நிக்கல்ல. ஒரு வருசமா வாப்பா மட்டும்தான் வாங்கினவர்."

ஹமீட் அவளைப் பார்த்தார், வாப்பாவைப் பார்த்தார். சிரிப்பு மெல்லக் கழன்று போயிற்று. விளங்க அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் கதிரையை இருந்த இடத்துக்குத் திருப்பித் தள்ளி வைத்தார்.

"அப்ப வாடியே இருக்கட்டும் நானா," என்றார். "திங்கக்கிழமை நொத்தாரிசுட்டச் சந்திப்பம். கச்சான் காத்துத் தொடங்குமட்டும் நீங்க அங்க கருவாடு போடலாம், நான் வாடகை கேக்க மாட்டன்."

வாசல்வரை போய்த் திரும்பி, "நோன்பு நாளில எனக்கு ஒரு பெரிய உபகாரம் செய்தீங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். அவருடைய மோட்டபைக் சத்தம் ஒழுங்கையில் தேய்ந்தது.

அஸ்னா நின்ற இடத்திலேயே நின்றாள். வாடி போய்விட்டது. அவளுடைய வாயால் போய்விட்டது.

"முப்பத்தஞ்சு எண்டதோட நிப்பாட்டியிருக்கலாம்," என்றார் வாப்பா.

"ஓம் வாப்பா."

"பொய்யும் இல்ல."

"இல்ல வாப்பா."

அவர் தாடியைத் தடவினார். பிறகு, "சந்தை எத்தினை மணிக்குப் பூட்டும்?" என்று கேட்டார்.

"ரெண்டரைக்கு."

"அப்ப இன்னும் நேரம் கிடக்கு. மிச்சத்தை விக்கப் போடு. முப்பத்தஞ்சு வேணாம். இருபத்தஞ்சு எண்டு போடு."

அவள் போட்டாள். போனைப் பாயில் வைத்து, வாப்பாவும் மகளும் எதிரெதிரே இருந்து பார்த்தார்கள். உம்மா குசினி வாசலில் வந்து நின்றாள். இடது பக்கம் வெள்ளையாகக் கிடந்தது. முப்பது ரூபாய்க்குக் கேட்டு நின்ற அந்த ஐம்பது ஆளும் இப்போது இல்லை. பள்ளியிலிருந்து திரும்புகிறவர்கள் ஒழுங்கையில் பேசிக்கொண்டு போனார்கள். ஒருவன் சலாம் சொன்னான், வாப்பாவுக்குக் கேட்கவில்லை.

போன் மெல்ல ஒலித்தது. இருவரும் திடுக்கிட்டார்கள்.

"முந்நூறு போயிருக்கு," என்றாள் அஸ்னா.

வாப்பா முகம் உயர்த்தினார். "நௌஷாட்டா இருக்கும். வாங்காத எண்டு சொல்லு. உடனே கோல் எடு."

அவள் எடுத்தாள். நௌஷாட் கடையைப் பூட்டிவிட்டு ஜும்மாவுக்குப் போனவன், இன்னும் திறக்கவில்லை. நேற்றிலிருந்து அந்தப் பங்கின் பக்கமே பார்க்கவில்லை என்றான். "நானில்ல அஸ்னா. சத்தியமா நானில்ல."

"நௌஷாட் இல்லையாம் வாப்பா."

"அப்ப ஆர்?"

"பேர் வராது."

அவர் போனைக் கையில் எடுத்து, கண்ணுக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு, பெயர் எங்காவது ஒளிந்திருக்குமோ என்பது போலத் திரையை மேலும் கீழும் தள்ளினார். ஹமீட்டுக்கு ஒரு முகம் இருந்தது. இந்த முந்நூறுக்கு இல்லை. எங்கேயோ, யாரோ ஒருவர், நேற்று நாற்பத்தொன்றாக இருந்த சாமான் இன்றைக்கு இருபத்தைந்துக்குக் கிடைக்கிறதே என்று சந்தோசப்பட்டுக்கொண்டிருப்பார்.

"விக்கப் போட்ட மிச்சத்தைத் திருப்பி எடுக்கட்டா வாப்பா?" என்று கேட்டாள். "இல்லாட்டி விடட்டா?"

வாப்பா வாயைத் திறந்தார். அவருடைய கையில் போன் மறுபடி மெல்ல ஒலித்தது, இன்னும் கொஞ்சம் பங்கு போன சத்தம்.